பேரையூர்க் கரிசலில் கோதுமைத் திட்டப் படிவம்: நிலையான வளர்ச்சி இலக்குகளோடு எப்படி இணைப்பது?

கேள்வி: கரிசல்காட்டான், பேரையூர்

எல்லாருக்கும் வணக்கம். பேரையூர், டி.கல்லுப்பட்டி, சேடபட்டிப் பக்கத்து மானாவாரி விவசாயிகள் சேர்ந்த உற்பத்தியாளர் நிறுவனத்துக்காகக் கேட்கிறேன். சமூகப் பொறுப்பு நிதி தரும் ஓர் அமைப்பு மூன்றாண்டுத் திட்டத்துக்கு விண்ணப்பம் கேட்டிருக்கிறது. படிவத்தின் தலைப்பு "கோதுமைச் சாகுபடியை நாட்டின் நிலையான வளர்ச்சி இலக்குகளோடு இணைத்தல்". வட மாநிலங்களுக்காகப் போட்ட படிவத்தையே எல்லா ஊருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். கோதுமைப் பரப்பு, விளைச்சல், பாசன நீர், தாள் எரிப்பு, விவசாயி வருமானம் என்று கட்டம் கட்டமாகக் கேட்கிறது. பயிரை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் காரணத்தை எண்களோடு எழுத வேண்டுமாம்.

எங்கள் காடெல்லாம் மானாவாரி. குதிரைவாலி, சோளம், மக்காச்சோளம், பருத்தி, உளுந்துதான் பயிர். கிணறு இருப்பவர்கள் கால்வாசிகூட இல்லை. கொடைக்கானல் மேல்மலையில் எங்களோடு சேர்ந்து விற்கும் ஒரு குழு மட்டும் கொஞ்சம் சம்பா கோதுமை போடுகிறது.

கரிசலில் கோதுமை போட்டுப் பார்க்கலாமா, வேண்டாமா? வேண்டாம் என்றால் எந்த இலக்கு, எந்தக் குறிகாட்டி, அதை வயலில் எப்படி அளப்பது? ஐ.நா. வகுத்த 17 இலக்குக்கும் டிக் போட்டு அனுப்பிவிடலாம் என்கிறார்கள் சிலர். எனக்கு அதில் மனசு ஒப்பவில்லை.

பதில்: அளவுகோல்

டிக் போடாதீர்கள் தம்பி. 17-லும் டிக் போட்ட விண்ணப்பத்தில் எதையும் அளக்க முடியாது என்பது படிப்பவருக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

படிவத்தில் கோதுமை எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொண்டால் உங்கள் காரணத்தை எழுதுவது எளிது. இந்த இலக்குகளில் மாநிலங்களுக்கு மதிப்பெண் போடும் மத்திய அரசின் நிதி ஆயோக்கின் 2020-21 குறியீட்டில், பசி ஒழிப்பான இலக்கு 2-க்குக் கீழே, நெல்லும் கோதுமையும் ஹெக்டேருக்கு எத்தனை கிலோ என்பது ஒரு குறிகாட்டி. குதிரைவாலியும் சோளமும் அந்தக் கணக்கில் வராது. மானாவாரிக் காட்டை அந்த எண் பார்க்கவே இல்லை என்பதுதான் அதில் பெரிய குறை. 2023-24 குறியீட்டில் தமிழ்நாடு 78 மதிப்பெண், நாடு 71. உங்கள் காடு மேம்பட்டதா, கெட்டதா என்று அந்த 78-ஐ வைத்துச் சொல்லவே முடியாது.

அதனால் ஐ.நா. பட்டியலில் இருக்கும் 2.4.1-ஐ எடுங்கள். எவ்வளவு விவசாய நிலம் விளைச்சலோடும் நிலைத்த முறையிலும் இருக்கிறது என்பதுதான் அது. அதற்குப் பயிர் எதுவானாலும் சரி. பண்ணை அளவில் 11 விஷயம் கேட்கிறது: ஹெக்டேருக்கு விளைபொருளின் மதிப்பு, நிகர வருமானம், கடன்–காப்பீடு–பல பயிர் போன்ற இடர்த் தாங்கல், மண் கெடுதல், நீர் கிடைப்பதில் ஏற்ற இறக்கம், உரம் கையாளும் முறை, மருந்து கையாளும் முறை, பல்லுயிர் காக்கும் பழக்கம், கூலி விகிதம், வீட்டில் உணவுப் பற்றாக்குறை, நிலத்தின் மீது உறுதியான உரிமை. ஒவ்வொன்றுக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட வேண்டும். நிகர வருமானம் என்றால், கடந்த மூன்று ஆண்டும் லாபம் பச்சை, மூன்றில் ஓர் ஆண்டாவது லாபம் மஞ்சள், மூன்றும் நட்டம் சிவப்பு.

பதினொன்றையும் கூட்டிச் சராசரி போடுவதுதான் பலர் செய்யும் தப்பு. இந்தக் குறிகாட்டியில் சராசரியே கிடையாது. ஒவ்வொரு விஷயத்தையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். மொத்த நிலை என்று ஒன்று சொல்வதானால், மோசமாக இருப்பதன் நிறம்தான் மொத்தத்துக்கும் நிறம். விளைச்சல் பச்சையாக இருந்து கூலி சிவப்பாக இருந்தால் அந்த நிலம் சிவப்புதான்.

இதோடு இன்னும் மூன்று போதும்: நீருக்கு 6.4.1, அறுவடைக்குப் பின் இழப்புக்கு 12.3.1, உரத்துக்கு இலக்கு 14. உரம் ஏன் கடல் இலக்கில் என்று கேட்பீர்கள். 14.1-ல் நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் சத்துக் கழிவு என்றே எழுதியிருக்கிறது. உங்கள் பக்கத்துக் குண்டாற்றுப் படுகையில் வழிந்தோடும் யூரியா கடைசியில் மன்னார் வளைகுடாவில் போய்த்தான் சேரும். இந்த ஒரு வரியே படிவத்தில் போதும்.

கோதுமைப் பயிர் பற்றி பயிர்க்காரர்கள் சொல்லட்டும்.

பதில்: பட்டம் பார்ப்பவன், உசிலம்பட்டி

அண்ணே, கரிசலில் கோதுமை முளைக்கும், கதிரும் வாங்கும். சிக்கல் பட்டத்தில், அதாவது விதைப்புப் பருவத்தில் இருக்கிறது.

கோதுமை நன்றாகத் தூர் கட்ட (பக்கத் தட்டைகள் வெடிக்க) இரவுக் குளிர் வேண்டும். மணி பிடிக்கும்போது பகல் வெப்பம் 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. மதுரைப் பக்கம் மார்கழி, தையில்கூட இரவில் 20 டிகிரி வாக்கில்தான் இறங்கும். அந்த ஒன்றரை மாதத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் நவம்பர் 15-க்குள் விதை மண்ணுக்குள் போக வேண்டும். அது வடகிழக்குப் பருவமழை கொட்டும் நேரம். ஈரக் கரிசலில் விதைக் கலப்பையை இறக்க முடியாது. சக்கரம் புதையும், சால் மூடாது, விதை களிமண்ணில் ஒட்டிக்கொண்டு அழுகும். ஈரம் காயட்டும் என்று காத்திருந்தால் டிசம்பர் பாதி ஆகிவிடும். அப்போது பால் பிடிக்கும் பருவம் பிப்ரவரிக் கடைசிக்கும் மார்ச்சுக்கும் தள்ளிப்போகும். வெயில் 35-ஐத் தொடும். மணி சுருங்கிப் பொக்காகும். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் உலகக் கோதுமை விளைச்சல் 6 சதவீதம் வாக்கில் குறையும் என்பது ஆய்வாளர் கணிப்பு. வடக்கிலேயே 2022 மார்ச் வெயிலில் மணி சுருங்கி, அந்த ஆண்டு மே 13-ல் கோதுமை ஏற்றுமதியையே நிறுத்தினார்கள். அங்கே அசாதாரணம் என்று சொன்ன மார்ச் வெயில் இங்கே வருஷா வருஷம் அடிப்பது.

காரணத்தை எண்ணோடு கேட்கிறார்கள் என்பதால், கிணறு இருக்கும் ஒருவர் காட்டில் 10 சென்ட் மட்டும் போட்டுப் பாருங்கள். ஏக்கர் கணக்கில் இறங்க வேண்டாம். தண்ணீர் வடியும் மேட்டுப்பாத்தியாகப் பாருங்கள். 10 சென்டுக்கு விதை 4 கிலோ, வரிசைக்கு வரிசை 20 செ.மீ., ஆழம் 4 முதல் 5 செ.மீ. அதற்கு மேல் ஆழம் போனால் முளை மேலே வருவதற்குள் விதையில் இருக்கும் சத்து தீர்ந்துவிடும். உரம் மண் பரிசோதனைப்படி. பரிசோதனை இல்லாவிட்டால் ஏக்கருக்குத் தழைச்சத்து 32, மணிச்சத்து 16, சாம்பல்சத்து 16 கிலோ என்று வையுங்கள். அதாவது டி.ஏ.பி. 35 கிலோ, பொட்டாஷ் 27 கிலோ, யூரியா 56 கிலோ. யூரியாவில் பாதி அடியுரமாக, மீதி 20-ஆம் நாள் தண்ணீரோடு. 10 சென்டுக்கு இதில் பத்தில் ஒரு பங்கு.

விதைத்த 18–20-ஆம் நாள் ஒரு செடியை மண்ணோடு தோண்டி, தண்ணீரில் அலசிப் பாருங்கள். அடியில் விதையை ஒட்டி மெல்லிய பழுப்பு வேர் நாலைந்து இருக்கும். அதற்கு மேலே, மண்பரப்பிலிருந்து இரண்டு விரற்கடை ஆழத்தில், ஒரு சின்ன முடிச்சு. அந்த முடிச்சிலிருந்து கட்டை கட்டையாக வெள்ளை வேர் கிளம்பியிருக்கும். அதுதான் தூர் கட்ட வைக்கும் வேர். அந்த இரண்டு விரற்கடை மண் காய்ந்திருந்தால் வெள்ளை வேர் நீளாமல் நின்றுவிடும். பிறகு எத்தனை தண்ணீர் விட்டாலும் ஒற்றைத் தட்டை ஒற்றைக் கதிர்தான். ஆகவே இந்த 20-ஆம் நாள் தண்ணீரைத் தவறவிடவே கூடாது. அதன் பின் தூர் கட்டும்போது, தட்டை நீளும்போது, பூக்கும்போது, பால் பிடிக்கும்போது என்று, விதைத்தவுடன் விடுவதையும் சேர்த்து ஆறு தண்ணீர். செம்மண் தெறிப்பு இருந்தால் கரையான் வரும். மயிலுக்கு ஆள் நிறுத்த வேண்டும். பால் மணியை அது விடாது.

திட்டத்தில் ஏக்கருக்கு 800 கிலோவுக்கு மேல் எழுதாதீர்கள். 2025-26 கொள்முதல் பருவத்துக்கு ஆதரவு விலை குவிண்டால் 2,425 ரூபாய்; அந்த விலைக்கே போனாலும் 19,400 ரூபாய்தான். இங்கே கோதுமைக்கு அரசுக் கொள்முதலும் கிடையாது. குதிரைவாலிக்கும் ஆதரவு விலை இல்லை; சிறுதானியத்தில் சோளம், கம்பு, கேழ்வரகுக்குத்தான் உண்டு. ஆனால் குதிரைவாலியை நம் கரிசல் தெரியும், வாங்குகிற ஆளும் பக்கத்தில் இருக்கிறார்கள். மதுரை வேளாண் கல்லூரி 2018-ல் வெளியிட்ட எம்.டி.யூ 1 ரகம் 95 முதல் 100 நாள். ஏக்கருக்கு 4 கிலோ விதை. புரட்டாசியில் மழைக்கு முன்னாலேயே புழுதியில் விதைத்துவிடலாம். கோதுமைக்குப் பகையாக நிற்கிற அதே ஐப்பசி மழைதான் இதை வளர்க்கிறது. காரணம் எழுதும் கட்டத்தில் இந்த ஒரு வாக்கியத்தைப் போடுங்கள்.

பதில்: மேல்மலை

கரிசலைப் பற்றிப் பட்டம் பார்ப்பவன் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கொடைக்கானல் மேல்மலைக் கோதுமையைப் படிவத்திலிருந்து எடுத்துவிடாதீர்கள். நாட்டின் கோதுமையோடு நம் பக்கம் உண்மையிலேயே பிணைந்திருப்பது அங்கேதான்.

கோதுமைக்கு மூன்று துருநோய்: தண்டுத் துரு, இலைத் துரு, மஞ்சள் துரு. பேராசிரியர் கே.சி. மேத்தா சென்ற நூற்றாண்டின் முற்பாதியிலேயே கண்டுசொன்னது இது: சமவெளியில் கோடை வெயிலில் துருவின் வித்துகள் செத்துவிடும், மலையில் உயிரோடு இருக்கும், அடுத்த பருவத்தில் காற்றோடு இறங்கிவரும். தெற்கே அந்த மலைகள் நீலகிரியும் பழனி மலையும். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலில் புயல் உருவாகும்போது இங்கிருந்து கிளம்பும் தண்டுத் துரு வித்து நடு இந்தியா வரை போய் மழையோடு இறங்கும் என்பதைப் பின்னால் வந்த ஆய்வுகளும் உறுதிசெய்தன. பூசா நிறுவனம் (இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம்) நீலகிரி வெலிங்டனில் கோதுமை நிலையம் வைத்திருப்பது இதற்காகத்தான். துரு எப்போதும் இருக்கும் இடத்தில்தான் துரு தாங்கும் ரகத்தைத் தேர்ந்தெடுக்க முடியும்.

ஆக, மேல்மலையில் துருவுக்கு எளிதில் இலக்காகும் பழைய விதையை வருஷம் முழுக்க மாற்றி மாற்றிப் போட்டால், மத்தியப் பிரதேசத்துக் காட்டுக்கு நோயை நாமே அனுப்பிவைக்கிறோம். இலக்கு 2-ல் நாட்டுக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி, இங்கே துரு பெருகாமல் பார்ப்பது. மூன்று வேலை: வெலிங்டன் நிலையத்தின் துரு தாங்கும் சம்பா ரகத்தை மட்டும் போடுவது (நீலகிரி கப்ளி அப்படி ஒன்று), எல்லாரும் ஒரே பட்டத்தில் விதைப்பது, அறுவடைக்குப் பின் தானாக முளைத்த கோதுமையைப் பூண்டு, உருளைப் பாத்திக்குள் விட்டுவைக்காமல் பிடுங்குவது. மூன்றாவதைத்தான் யாரும் செய்வதில்லை. நாலு செடிதானே என்று விடுவார்கள். துருவுக்கு அடுத்த விதைப்பு வரை உயிர் பிழைக்க அந்த நாலு செடி போதும்.

கண்காணிப்புக்குக் கருவி வேண்டாம். 30-ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு தடவை, வயலில் குறுக்கும் மறுக்குமாக நடந்து 50 செடியைப் பாருங்கள். இலையின் மேல் ஆரஞ்சுப் பழுப்பில் சின்னச் சின்னப் பொட்டு. விரலால் தேய்த்தால் பொடி ஒட்டும். அது இலைத் துரு. தண்டில் செங்கல் நிறத்தில் நீளவாக்கில் தோல் வெடித்து, தடவினால் சொரசொரவென்று இருந்தால் தண்டுத் துரு. நரம்போடு வரிவரியாக மஞ்சள் ஓடினால் மஞ்சள் துரு. 50-ல் எத்தனை செடி என்று எழுதுங்கள். துரு பிடித்த இலையை வெலிங்டனுக்கு அனுப்புவதானால் காகித உறையில் போட வேண்டும். பாலித்தீன் பையில் வியர்த்துப் பூசணம் பிடித்துவிடும், அங்கே போய்ச் சேர்ந்தாலும் பயன்படாது.

ஒரு எச்சரிக்கை. சம்பா கோதுமை அடித்தால் மணி தனியாக வராது, உமியோடு வரும். சாதாரணக் கோதுமை மில்லில் கொடுத்தால் பாதி நொறுங்கும். உங்கள் குதிரைவாலி உமி நீக்கும் இயந்திரத்திலேயே, உருளை இடைவெளியைக் கூட்டி வைத்து, இரண்டு தடவை விடுங்கள். ஒரே தடவையில் முடிக்கப் பார்த்தால் நொய்தான் மிஞ்சும்.

கேள்வி கேட்டவர்: கரிசல்காட்டான்

மூவருக்கும் நன்றி. மேல்மலைத் துரு விஷயம் எங்கள் குழுவில் யாருக்குமே தெரியாது. இன்னும் இரண்டு சந்தேகம். இலவச மின்சாரம் என்பதால் பல கிணறுகளில் மீட்டரே இல்லை. தண்ணீரை எப்படிக் கணக்கெடுப்பது? அடுத்தது நில உரிமை. எங்கள் உறுப்பினரில் நிறையப் பேர் வாய்ப்பேச்சுக் குத்தகை. காகிதமே இல்லை. அதைச் சிவப்பு என்று எழுதினால் விண்ணப்பம் தள்ளுபடி ஆகுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பட்டம் பார்ப்பவன், உசிலம்பட்டி

தண்ணீருக்கு 200 லிட்டர் பீப்பாய் ஒன்று, கையில் செல்போன் போதும். பீப்பாயைக் கிணற்றடியில் வைக்காதீர்கள், தண்ணீர் பாத்திக்குள் நுழையும் வாய்மடையில் குழி தோண்டி இறக்குங்கள். மண் வாய்க்காலில் வழியிலேயே நிறைய உறிஞ்சிப் போகும். கிணற்றடியில் அளந்தால் பயிர் குடிக்காத தண்ணீரையும் பயிர் கணக்கில் எழுதுவோம். இரண்டையும் அளந்தால் இன்னும் நல்லது. அந்த வித்தியாசம்தான் பி.வி.சி. குழாய் கேட்பதற்கு உங்கள் ஆதாரம்.

பீப்பாய் 25 வினாடியில் நிறைந்தால் வினாடிக்கு 8 லிட்டர், மணிக்கு 28,800 லிட்டர். ஏக்கருக்கு 5 செ.மீ. ஆழம் ஒரு தண்ணீர் என்றால் சுமார் 2,02,000 லிட்டர். அதாவது 7 மணி நேரம். மோட்டார் ஓடிய நேரத்தைக் கையால் எழுதச் சொன்னால் மறந்துபோகும். ஸ்டார்ட்டர் பெட்டியில் மணிக்கணக்குக் காட்டும் ஒரு சின்ன மீட்டர் மாட்டிவிடுங்கள். மும்முனை மின்சாரம் நடுவில் போனாலும் ஓடிய நேரம் மட்டும் ஏறும்.

தப்பு நடப்பது ஒரே இடத்தில். ஐப்பசியில் கிணறு நிறைந்திருக்கும்போது ஒரு தடவை அளந்துவிட்டு, மாசி வரை அதே எண்ணைப் பெருக்குவார்கள். நீர்மட்டம் இறங்க இறங்க 25 வினாடி 40 வினாடியாகிவிடும். மாதம் ஒரு தடவையாவது பீப்பாய் வைக்க வேண்டும். அளக்கும் நாளில் தொடக்கத்திலும் முடிவிலும்.

ஒப்பிட்டுக் காட்டும் கட்டத்துக்குத் திட்டக் கணக்கு இது. கோதுமைக்கு ஆறு தண்ணீர் 12,12,000 லிட்டர், விளைச்சல் 800 கிலோ. கிலோவுக்கு 1,515 லிட்டர். குதிரைவாலிக்குக் கதிர் வாங்கும்போது மழை ஏமாற்றினால் உயிர்த்தண்ணீர் ஒன்று, 2,02,000 லிட்டர், விளைச்சல் 500 கிலோ என்று வைத்தால் 404 லிட்டர். இது கிணற்றுத் தண்ணீர் மட்டும். மழையைச் சேர்த்தால் எண் மாறும். ஆகவே "இறைத்த நீர்" என்று தெளிவாக எழுதுங்கள். முதல் பருவம் முடிந்ததும் இந்த எண்களை அடித்துவிட்டு உங்கள் எண்ணைப் போடுங்கள்.

பதில்: சேடபட்டி அக்கா

தம்பி, குத்தகையைச் சிவப்பு என்றே எழுதுங்கள். மூன்று ஆண்டில் அதை மஞ்சளாக்குவதே திட்டத்தின் ஒரு வேலை என்று சொல்ல முடியும். முதல் ஆண்டே பச்சை என்று எழுதிவிட்டால் பிறகு முன்னேறுவதற்கு எதுவும் இருக்காது. அதைவிட முக்கியம், காகிதம் இல்லாத குத்தகைக்காரருக்குப் பயிர்க் காப்பீடும் வங்கிக் கடனும் கைக்கு வருவதில்லை. 2.4.1-ன் இடர்த் தாங்கலும் அதனாலேயே சிவப்பாகும். ஒரு பிரச்சினை இரண்டு கட்டத்தைக் கெடுக்கிறது. நிலக்காரர்கள் எழுதித் தரத் தயங்குவது, குத்தகைக்காரர் நிலத்தைப் பிடித்துக்கொள்வார் என்ற பயத்தில். ஒரு பருவத்துக்கு மட்டும், சர்வே எண், பரப்பு, தொடங்கும் நாள், முடியும் நாள், குத்தகை எவ்வளவு என்று ஒரே பக்கத்தில் இரு தரப்பும் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்திலிருந்து தொடங்குங்கள். வருஷம் தோறும் புதுக் காகிதம் என்றால் அந்தப் பயம் குறையும்.

பட்டாவில் யார் பெயர் என்று கேட்கும்போது வீட்டுப் பெண்களைத் தனியாகக் கேளுங்கள். களையெடுப்பும் அறுப்பும் பெண்கள் கையில், பட்டா ஆண்கள் பெயரில். "குடும்ப நிலம்" என்று ஒரே வரியில் எழுதினால் இது மறைந்துபோகும். ஆண் இத்தனை, பெண் இத்தனை, கூட்டுப் பட்டா இத்தனை என்று மூன்று எண் வேண்டும்.

கூலியும் அப்படியே. 2.4.1-ல் கூலியை விவசாயத்துக்கான குறைந்தபட்சக் கூலியோடு ஒப்பிட வேண்டும்: மேலே என்றால் பச்சை, சமம் மஞ்சள், கீழே சிவப்பு. ஆண் கூலியும் பெண் கூலியும் சேர்த்துச் சராசரி எடுத்தால் மஞ்சள் மாதிரித் தெரியும். பிரித்தால் பெண் கூலி சிவப்பு. வேலை நேரத்தையும் எழுதுங்கள். காலை 9 முதல் 2 வரை என்று பேசிய கூலியை முழு நாள் கூலியோடு ஒப்பிட்டால் இரண்டு பக்கமும் தப்பு வரும்.

உணவுப் பற்றாக்குறைக்கு எட்டுக் கேள்வி இருக்கிறது. போன 12 மாதத்தில் சாப்பாட்டுக்குக் கவலைப்பட்டீர்களா என்று தொடங்கி, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தீர்களா என்பது வரை போகும். அதைக் கூட்டத்தில் கை தூக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். ஒருவரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், சொல்ல வைப்பதும் அவர்கள் மானத்துக்கு இழுக்கு. வீட்டுத் திண்ணையில், வீட்டுப் பெண்ணிடம், ஒரு பெண் போய்க் கேட்க வேண்டும்.

பதில்: அளவுகோல்

அக்கா சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நான் விளைச்சல், இழப்பு, உரம் மூன்றுக்கும் கணக்கு முறை மட்டும் சேர்க்கிறேன்.

விளைச்சலை விவசாயி மூட்டைக் கணக்கில் சொல்வார். மூட்டைக்கு மூட்டை எடை மாறும். அறுப்புக்கு முந்தின நாள் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டம் கட்டுங்கள். வரப்போரத்தை விட்டுவிட்டு, எந்த இடம் என்பதைச் சீட்டுப் போட்டு எடுங்கள். கண்ணுக்கு நன்றாக இருக்கும் இடத்தில் கயிறு கட்டுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. அந்த 25 சதுர மீட்டரில் வந்த மணியை எடை போட்டு ஈரப்பதம் பாருங்கள். 18 சதவீத ஈரத்தில் 5.4 கிலோ என்றால் 12 சதவீதத்துக்குக் கொண்டுவர 82-ஆல் பெருக்கி 88-ஆல் வகுக்க வேண்டும், 5.03 கிலோ. ஏக்கருக்கு அதை 161.9-ஆல் பெருக்குங்கள், 815 கிலோ வாக்கில் வரும். ஈரத்தைக் கழிக்காமல் போட்டிருந்தால் 874. அந்த 59 கிலோ வெறும் தண்ணீர்.

இழப்பை நான்கு இடத்தில் பாருங்கள்: அறுப்பு, அடிப்பு, காயவைப்பு, உமி நீக்கல். அறுத்த தாளை எடுத்த பிறகு ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து, உள்ளே உதிர்ந்த மணியைப் பொறுக்கி எடை போடுங்கள். 12 கிராம் என்றால் ஏக்கருக்கு 48 கிலோவுக்கு மேல் மண்ணில் போகிறது. குதிரைவாலி மணி சின்னது, கரிசல் வெடிப்புக்குள் விழுந்தால் பொறுக்க வராது. ஆகவே வெடிப்பு இல்லாத இடத்தில் ஒன்று, இருக்கும் இடத்தில் ஒன்று என்று இரண்டு எடுங்கள். தார்ச்சாலையில் காயவைப்பவர்களிடம் வண்டி ஏறி நொறுங்குவதையும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். உலர்களம் கேட்க அதுதான் உங்களுக்கு எண்.

உரத்துக்கு: போடும் தழைச்சத்தில் 1 சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடில் உள்ள நைட்ரஜனாகப் போகிறது என்பது காலநிலைக் கணக்கில் வழக்கமாக வைக்கும் விகிதம். கோதுமைக்கு ஏக்கருக்கு 32 கிலோ தழை என்றால் 0.32 கிலோ, 44/28-ஆல் பெருக்கினால் 0.5 கிலோ நைட்ரஸ் ஆக்சைடு. ஒரு கிலோ 273 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஆக 137 கிலோ. மானாவாரிக் குதிரைவாலிக்கு 16 கிலோ தழை போட்டால் இதில் பாதி. யூரியாவை எந்த வாரம் போட்டார்கள், அதற்குப் பின் மூன்று நாளில் மழை பெய்ததா என்பதையும் குறியுங்கள். கடல் இலக்குக்குத் தேவையான தகவல் அதில்தான் இருக்கிறது.

மண்ணின் கரிமச் சத்து மூன்றாண்டில் இவ்வளவு கூடும் என்று எண் எழுதாதீர்கள். எங்கள் பக்க வெயிலில் அது மெதுவாகத்தான் நகரும். 15 செ.மீ. ஆழத்தில் எடுக்கும் மாதிரி இடத்துக்கு இடம் மாறுவதே அந்த உயர்வைவிடப் பெரிதாக இருக்கும். அளப்போம் என்று மட்டும் எழுதுங்கள்.

மழை நன்றாகப் பெய்த ஆண்டில் எல்லாக் காடும் விளையும், அதைத் திட்டத்தின் பலன் என்று எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்த 10 காட்டுக்குப் பக்கத்திலேயே சேராத 10 காட்டையும் அதே முறையில் அளங்கள். அவர்களுக்கும் மண் பரிசோதனை முடிவை இலவசமாகக் கொடுத்தால் ஒத்துழைப்பார்கள்.

உலர்களமும் பண்ணைக்குட்டையும் நிதி அமைப்பிடமே கேட்டுத் தீராது. ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் ஏற வேண்டும். ஊராட்சிகளுக்கு இந்த இலக்குகளை ஒன்பது கருப்பொருளாகச் சுருக்கியிருக்கிறார்கள். அதில் வறுமையற்ற, வாழ்வாதாரம் மேம்பட்ட கிராமம், நீர் தன்னிறைவுக் கிராமம் என்ற இரண்டும் உங்களுக்குப் பொருந்தும். அக்டோபர் 2 கிராமசபையில் பீப்பாய்க் கணக்கையும் உதிர்ந்த மணிக் கணக்கையும் ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். தீர்மானப் பதிவேட்டில் சர்வே எண்ணோடு ஏறியதா என்று அங்கேயே பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

அடிப்படை அளவீட்டை ஆடி, ஆவணிக்குள் முடித்துவிடுங்கள். மண் எடுப்பது, கூலி, குத்தகை, எட்டுக் கேள்வி எல்லாம் அதற்குள். புரட்டாசியில் புழுதி விதைப்பு தொடங்கிவிட்டால் காட்டுக்காரர் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள், உரம் விழுந்த மண்ணை எடுத்துப் பரிசோதிப்பதிலும் அர்த்தமில்லை. மேல்மலைக் குழுவுக்கு மட்டும் தனிப் பக்கம் போடுங்கள். அதில் 50 செடிக் கணக்கு, விதை எங்கிருந்து வந்தது, தானாக முளைத்ததைப் பிடுங்கிய நாள் மூன்றும் இருந்தால் போதும்.